சர்க்காருக்குக் கடன் கிடையாது

அந்தமானில், ஜங்லிகாட் மீன் துறையை ஒட்டிய கடைகளில் ‘கடன் அன்பை முறிக்கும்’ என்று தமிழில் ஒரு பலகை தொங்கும். அதே மிரட்டல் இந்தியிலும் பக்கத்தில் தொங்கும். பலகைக்கு நேர் கீழே, கல்லாவுக்குப் பக்கத்தில், அட்டை கிழிந்த நீள நோட்டு ஒன்று கிடக்கும். ஐஸ், டீசல், தூண்டில் நரம்பு, பீடி என்று டிங்கிக்காரர்களின் பாக்கி அதில் பக்கம் பக்கமாகப் படுத்திருக்கும். பலகை அந்நியருக்கு, நோட்டு வேண்டியவருக்கு.

இந்திய ரிசர்வ் வங்கியும் 42 வருஷம் இப்படித்தான் கடை நடத்தியது. ‘அளவாகச் செலவு செய்யுங்கள், இல்லாவிட்டால் விலைவாசி ஏறும்’ என்று ஊருக்கெல்லாம் பலகை. அடியில் சர்க்காருக்கு மட்டும் தனி நோட்டு. அந்த நோட்டை மூடிவைத்தவர் ஓர் அரியலூர்க்காரர். பெயர் சக்கரவர்த்தி ரங்கராஜன். சக்கரவர்த்தி என்பது பெயரில் மட்டும்தான். தொழில், வாத்தியார்.

நோட்டு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அதை மூடியதில் என்ன பெரிய வீரம் என்று கேட்பீர்கள்.

வெள்ளிக்கிழமை 50 கோடி

ரிசர்வ் வங்கி பிறந்த தேதி 1935 ஏப்ரல் 1. தேதியைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரிக்கலாம். இந்தக் கதையில் ஏப்ரல் 1 இன்னும் இரண்டு தடவை வரும், கொஞ்சம் சிரிப்பை மிச்சம் வையுங்கள்.

முதல் ஆளுநர் ஆஸ்போர்ன் ஸ்மித் வெள்ளைக்காரர். சர்க்காரும் வெள்ளைக்காரர்களுடையதுதான். ஒரே சாதி, ஒரே கிளப், ஒரே விஸ்கி. அப்படியும் நிதி உறுப்பினர் ஜேம்ஸ் கிரிக்கோடு ஒத்துப்போகவில்லை. பதவிக்காலம் முடியும் முன்பே மூட்டை கட்டினார். ஆக, ஆளுநருக்கும் சர்க்காருக்கும் ஆகாது என்பது சுதந்திரத்துக்கு முந்தைய சம்பிரதாயம்.

1943-ல் முதல் இந்திய ஆளுநராக சி.டி. தேஷ்முக் வந்தார். கல்லாவில் கறாராக உட்கார்ந்தார். 1950-ல் அவரே மத்திய நிதியமைச்சர் ஆனார். நேற்றுவரை கல்லாவுக்கு உள்பக்கம் இருந்தவர் இன்று வெளிப்பக்கம் வந்து நிற்கிறார். அவர் அமைச்சராக இருந்த காலத்தில், 1955 ஜனவரியில், நிதியமைச்சகமும் ரிசர்வ் வங்கியும் கடிதம் எழுதிக்கொண்டு ஓர் ஏற்பாட்டுக்கு வந்தன. ஏற்பாடு இதுதான்: மத்திய சர்க்காரின் கணக்கில் வெள்ளிக்கிழமைதோறும் குறைந்தது 50 கோடி ரூபாய் இருக்க வேண்டும். மற்ற நாட்களில் 4 கோடி இருந்தால் போதும். குறைந்தால்? யாரையும் கேட்க வேண்டாம், பாராளுமன்றத்துக்குப் போக வேண்டாம். ‘அட்ஹாக் டிரெஷரி பில்’ என்ற 91 நாள் கடன் பத்திரம் ஒன்று தானாக உருவாகும். ரிசர்வ் வங்கி அதை வாங்கிக்கொள்ளும். சர்க்கார் கணக்கில் பணம் ஏறிவிடும்.

அதென்ன வெள்ளிக்கிழமைக்கு மட்டும் தனி மரியாதை என்றால், ரிசர்வ் வங்கியின் வாராந்திரக் கணக்கு வெள்ளிக்கிழமை நிலவரத்தை வைத்துத்தான் வெளியாகும். ஊர் பார்க்கும் நாளில் சட்டைப்பையில் 50 கோடி இருக்க வேண்டும், திங்கள் முதல் வியாழன் வரை யார் பார்க்கிறார்கள்? நம் வீட்டிலும் பெண் பார்க்க வரும் அன்றைக்குத்தானே சோபா உறையைத் துவைக்கிறோம்.

91 நாள் என்று பெயர் இருந்ததே தவிர, 92-ஆம் நாள் பணம் திரும்பி வந்த சரித்திரம் கிடையாது. பழைய பில் முதிர்ந்தால் புது பில் போட்டு அதை அடைப்பார்கள். உரையாடலாகப் போட்டால் இப்படி இருக்கும்:

“என்ன சார், 91 நாள் ஆச்சே?”

“ஆமாம் ஆமாம், மறக்கவே இல்லை. இந்தாருங்கள் உங்கள் பணம்.”

“ரொம்ப சந்தோஷம். எங்கிருந்து கிடைத்தது?”

“நீங்கள்தான் இப்போது புதிதாகக் கொடுக்கப் போகிறீர்கள்.”

வட்டியும் தனி ரகம். 1974 முதல் அந்தப் பத்திரத்துக்கு வட்டி 4.6 சதவீதம் என்று ஆணி அடித்தாற்போல நிறுத்தினார்கள். அப்புறம் விலைவாசி எவ்வளவு ஏறினாலும் அந்த 4.6 அசையவில்லை. வங்கியில் நீங்களும் நானும் கடன் வாங்கப் போனால் அதைப்போல மூன்று மடங்கு, நாலு மடங்கு கேட்பார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம் என்பது பொருளாதாரக் கோட்பாடுதான், பாடப்புத்தகத்தில்தான் இன்னும் சேர்க்கவில்லை.

தானே அச்சடித்துத் தானே செலவழிக்கும் சர்க்கார் எங்கள் தீவுக்குப் புதிதல்ல. 1860-களிலேயே அந்தமான் கைதிகள் குடியிருப்புக்கென்று செம்பில் ஒரு ரூபாய் டோக்கன் அடித்துவிட்டார்கள். மெயின்லேண்டில் ரூபாய் வெள்ளியில் புரண்டபோது இங்கே செம்பு. ஆனால் அந்தச் செம்பு ரூபாய் செய்த சேதம் கடலைத் தாண்டாது. தில்லியின் அட்ஹாக் ரூபாய் நாடெங்கும் புரண்டது. துறையில் இறங்கும் சுர்மையும் சூரையும் நேற்றைய கணக்குதான், வாங்க வருகிறவன் கையில் மட்டும் காசு கூடியிருக்கிறது. பிறகு விலை ஏறாமல் என்ன செய்யும்?

குக்கர் வீட்டுக்காரர் கொடுத்த பிரஷர்

நடுவில் எந்த ஆளுநரும் முறைக்கவில்லையா என்றால், ஒருவர் முறைத்தார். பெனகல் ராமராவ். 1949 முதல் ஆளுநர். மேற்படி நோட்டு அவர் காலத்தில்தான் திறக்கப்பட்டது. 1956-ல் தேஷ்முக் போய் டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சரானார். சென்னைக்காரர். பின்னாளில் பிரஷர் குக்கரில் பெயர் வாங்கிய அதே டிடிகே குடும்பம்தான். பிரஷர் கொடுப்பதில் அவருக்கு அப்போதே பயிற்சி இருந்தது.

அந்த வருஷம் நவம்பரில் டிடிகே உண்டியல் பத்திரங்கள் மீதான முத்திரை வரியை உயர்த்தினார். வட்டி விகிதத்தைத் தீர்மானிப்பது தன் வேலை, அமைச்சர் கொல்லைப்புறமாக வந்து அதில் கை வைக்கிறார் என்று ராமராவ் ஆட்சேபித்தார். ரிசர்வ் வங்கி என்பது நிதியமைச்சகத்தின் ஒரு பிரிவு என்று டிடிகே முகத்துக்கு நேரே சொன்னார். ராமராவ் நேருவிடம் போனார். நேரு அமைச்சர் பக்கம் நின்றார். 1957 ஜனவரியில் ராமராவ் ராஜினாமா செய்தார்.

அடுத்த வருஷமே கதை திரும்பியது. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணத்தை ஹரிதாஸ் முந்த்ரா என்பவரின் கம்பெனிகளில் போட்ட விவகாரம் நீதிபதி சாக்ளா விசாரணைக்குப் போய், 1958 பிப்ரவரியில் டிடிகேயும் ராஜினாமா செய்தார். ஆளுநர் போனார், அமைச்சர் போனார். நோட்டு மட்டும் போகவில்லை. அதற்குப் பிறகு வந்த ஆளுநர்கள் பலருக்கும் அது கையில் கிடைத்தது. வந்தார்கள், புரட்டினார்கள், பெருமூச்சு விட்டார்கள், அடுத்தவரிடம் கொடுத்தார்கள்.

அரியலூரிலிருந்து பென்சில்வேனியா

ரங்கராஜன் பிறந்தது 1932 ஜனவரி 5, அரியலூரில். அந்த ஊர் அப்போது திருச்சி ஜில்லா. பின்னாளில் சிமெண்டுக்குப் பெயர் போனது. சர்க்காரோடு வாதாடப் போகிறவருக்குப் பொருத்தமான ஊர்தான். திருச்சி நேஷனல் கல்லூரி, சென்னை லயோலா என்று படித்துவிட்டு அமெரிக்காவுக்குக் கப்பலோ விமானமோ ஏறினார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1964-ல் டாக்டர் பட்டம். அங்கேயும் நியூயார்க் பல்கலைக்கழகத்திலும் பாடம் நடத்தினார்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் வேலை கிடைத்த மயிலாப்பூர், மாம்பலம் மாப்பிள்ளைகள் லெட்டர் மட்டுமே போடுவார்கள். இவர் திரும்பி வந்தார். அகமதாபாத் ஐஐஎம்மில் பத்து வருஷத்துக்கு மேல் பேராசிரியர். பி.எச். தோலக்கியாவோடு சேர்ந்து பேரியல் பொருளாதாரத்துக்குப் பாடப்புத்தகம் எழுதினார். ‘சர்க்கார் அளவுக்கு மீறி மத்திய வங்கியிடம் கடன் வாங்கினால் விலைவாசி ஏறும்’ என்பது அந்த மாதிரிப் புத்தகங்களின் அரிச்சுவடி. மாணவர்கள் அதை எழுதி மதிப்பெண் வாங்கினார்கள், வேலைக்குப் போனார்கள், மறந்தார்கள். எழுதிய வாத்தியாரை மட்டும் அந்தப் பாடம் விடாமல் துரத்தியது. 1982 பிப்ரவரியில் அவரையே ரிசர்வ் வங்கிக்குத் துணை ஆளுநராகக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஐந்து ஆளுநர், ஒரே துணை

எங்கள் தீவில் ஆளுநர் கிடையாது, துணைநிலை ஆளுநர்தான். அதனால் ‘துணை’ என்ற பதவியின் அருமை எங்களுக்குத் தெரியும். வேலையெல்லாம் இவர் தலையில், சுவரில் படம் மட்டும் வேறொருவருடையது.

ரங்கராஜன் துணையாக இருந்த ஒன்பதரை வருஷத்தில் ஐந்து ஆளுநர்கள் மேலே வந்து போனார்கள். ஐ.ஜி. படேல், மன்மோகன் சிங், அமிதாவ் கோஷ், ஆர்.என். மல்ஹோத்ரா, எஸ். வெங்கிடரமணன். இதில் அமிதாவ் கோஷ் இருந்தது 20 நாள். எங்களூரில் சென்னைக் கப்பல் டிக்கெட்டுக்கு அலைந்து முடிப்பதற்குள் அவர் ஆளுநராகி, இருந்து, இறங்கியும் விட்டார்.

அந்தக் காலத்து வங்கி எப்படி இருந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். உள்ளே நுழைந்ததும் பித்தளை டோக்கன் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். உங்கள் பாஸ்புக் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு நகரும். கர்ணன் கவச குண்டலத்தோடு பிறந்த மாதிரி காதில் பேனாவோடு பிறந்த ஒருவர், ஆள் உயர லெட்ஜரைப் புரட்டி, உங்கள் கையெழுத்தைப் பார்த்து, உங்களைப் பார்த்து, மறுபடி கையெழுத்தைப் பார்த்து, டீ குடிக்கப் போவார். இதற்குள் கம்ப்யூட்டரைக் கொண்டுவர வேண்டும் என்று 1980-களில் சொல்வது, கோவில் பிராகாரத்துக்குள் செருப்போடு போக வேண்டும் என்று சொல்கிற மாதிரி. தொழிற்சங்கங்கள் கொடி பிடித்தன. வேலை போய்விடும் என்ற பயம் நியாயமானதும்கூட.

இதற்கு வழி சொல்லும் கமிட்டிக்குத் தலைவர் ரங்கராஜன். 1984-ல் ஓர் அறிக்கை, 1989-ல் இன்னொரு அறிக்கை. முதல் கட்டத்தில் கிளைகளுக்கு வந்த பெட்டிக்கு ‘மேம்பட்ட லெட்ஜர் பதிவு இயந்திரம்’ என்று நாமகரணம். திரை இருக்கும், விசைப்பலகை இருக்கும், உள்ளே சிப்பும் இருக்கும். ஆனால் அது கம்ப்யூட்டர் இல்லை, லெட்ஜர் இயந்திரம்! யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் தெரியாத மாதிரி இருந்தார்கள், வேலை நடந்தது. சண்டை போடாமல் காரியத்தை முடிக்கும் இந்தக் கலையை ரங்கராஜன் பின்னால் தில்லியிடமும் காட்டினார்.

காசோலையின் அடியில் வெள்ளைப் பட்டையில் கோணல் கோணலாக எண்கள் அச்சடித்திருக்குமே, இயந்திரம் படிக்கிற காந்த மை எண்கள், அதுவும் அந்தக் கமிட்டியின் காலத்துச் சமாசாரம்தான்.

தங்கம் போன வண்டியும் தாண்டின ரூபாயும்

1991. நாட்டின் கையிருப்பு டாலர் இரண்டு மூன்று வார இறக்குமதிக்குத்தான் காணும் என்ற நிலை. மெயின்லேண்டில் இருப்பவர்களுக்கு இது புள்ளிவிவரம். எங்களுக்கு அனுபவம். கப்பல் இரண்டு வாரம் வராவிட்டால் முதலில் வெங்காயம் ஒளியும், பிறகு உருளைக்கிழங்கு ஒளியும், கடைசியில் கடைக்காரரே ஒளிந்துகொள்வார்.

காரணங்கள் வரிசை கட்டி நின்றன. வளைகுடாப் போரில் எண்ணெய் விலை ஏறியது. வெளிநாட்டு இந்தியர்கள் போட்ட டெபாசிட்டை உருவினார்கள். தில்லியில் வி.பி. சிங் ஆட்சி கவிழ்ந்து சந்திரசேகர் வந்தார், அவரும் மார்ச்சில் ராஜினாமா செய்தார். மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். யாரை நம்பிக் கடன் கொடுப்பது என்று உலகம் கையைக் கட்டிக்கொண்டது.

நம் வீடுகளில் அந்த நேரத்தில் என்ன செய்வோமோ அதையே நாடும் செய்தது. பீரோவைத் திறந்தது. மே மாதம், கடத்தல்காரர்களிடம் பிடித்து வைத்திருந்த 20 டன் தங்கம் ஸ்டேட் வங்கி வழியாக சுவிட்சர்லாந்துக்குப் போனது. வாழ்நாளெல்லாம் சுங்கத்துறைக்குத் தண்ணி காட்டிய கடத்தல்காரர்கள், தேசத்தின் மானத்தைக் காப்பாற்றியவர்கள் பட்டியலில் தெரியாமலேயே இடம்பிடித்தார்கள். தியாகி பென்ஷன்தான் கேட்கவில்லை.

அது போதவில்லை. ஜூன் 21-ல் நரசிம்ம ராவ் பிரதமரானார், மன்மோகன் சிங் நிதியமைச்சரானார். ஜூலையில் ரிசர்வ் வங்கியின் சொந்தத் தங்கம் சுமார் 47 டன் பேங்க் ஆஃப் இங்கிலாந்துக்குப் போனது. கிடைத்த கடன் ஏறக்குறைய 40 கோடி டாலர். அடகுக்கடைக்காரர்கள் கண்டிப்பானவர்கள். ‘நகை உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், சீட்டு மட்டும் கொடுங்கள்’ என்பதெல்லாம் நடக்கவில்லை. பொருள் கைக்கு வர வேண்டும் என்றார்கள். பம்பாயில் தங்கம் விமான நிலையத்துக்குப் போகும் வழியில் வண்டியின் டயர் வெடித்து நடுத்தெருவில் நின்றதையும், பாதுகாப்புக்காரர்கள் பதறியதையும் பின்னாளில் ஆளுநரான ஒய்.வி. ரெட்டி எழுதியிருக்கிறார். நாட்டின் பொருளாதாரம் நடுத்தெருவுக்கு வந்தது என்று பத்திரிகைக்காரர்கள் உவமையாக எழுதிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அது உவமையாக இல்லை.

அதே ஜூலை முதல் வாரத்தில்தான் ரூபாயின் மதிப்பையும் குறைத்தார்கள். இரண்டு தவணையாக. ஒன்றாம் தேதி சுமார் 9 சதவீதம், மூன்றாம் தேதி சுமார் 11 சதவீதம். இந்தக் காரியத்துக்கு ‘ஹாப், ஸ்கிப் அண்ட் ஜம்ப்’ என்று ரகசியப் பெயர். தத்தித் தத்தித் தாண்டும் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியின் பெயரை, எண்பது கோடிக்கு மேல் ஜனங்களின் காசுக்கு வைத்தார்கள். பம்பாயில் இருந்து தாண்ட வைக்க வேண்டிய பொறுப்பு ரங்கராஜனுடையது.

முதல் தாண்டலுக்கே எதிர்க்கட்சிகள் கூச்சல் போட்டன. பிரதமருக்குக் கலக்கம். மூன்றாம் தேதி காலை, இரண்டாவதை நிறுத்தச் சொன்னார். மன்மோகன் சிங் பம்பாய்க்குப் போன் போட்டார். லைன் கிடைத்தது, நேரம்தான் கிடைக்கவில்லை. ரங்கராஜன் சற்று முன்புதான் அறிவித்து முடித்திருந்தார். தாண்டியாகிவிட்டது என்று பதில் வந்தது. டாலருக்கு 21 ரூபாய்ச் சொச்சமாக இருந்தது 26-ஐ ஒட்டிப் போய் நின்றது.

வாத்தியார்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, மணி அடித்தவுடனே வகுப்பில் இருப்பார்கள். அன்றைக்கு இவர் பத்து மணிக்கு வந்து, காபி குடித்து, பேப்பர் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கும் ரகமாக இருந்திருந்தால் இந்தியாவின் சீர்திருத்தம் ஒரு காலில் நின்றிருக்கும்.

நோட்டை மூடிய ஆள்

ஆகஸ்டில் ரங்கராஜனைத் திட்டக்குழுவுக்கு அழைத்துக்கொண்டார்கள். 1992-ல் ஹர்ஷத் மேத்தாவின் பங்குச்சந்தை ஊழல் வெடித்தது. வங்கிகள் ஒன்றுக்கொன்று கொடுத்த ரசீதுகளுக்குப் பின்னால் பத்திரமே இல்லை என்று தெரிந்து நாடே வாயைப் பிளந்து நின்றது. அந்தப் புழுதி அடங்குவதற்குள், டிசம்பர் 22-ல், ரங்கராஜன் ஆளுநர் நாற்காலிக்கு வந்தார். ஒன்பதரை வருஷம் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தவருக்கு எந்த அலமாரியில் என்ன நாறுகிறது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அப்போது வங்கியில் நீங்கள் 100 ரூபாய் போட்டால், அதில் 15 ரூபாயை ரிசர்வ் வங்கியில் முடக்க வேண்டும். உச்சத்தில் இருந்த நாளில் 38 ரூபாய் 50 காசை சர்க்கார் பத்திரங்களில் போட்டாக வேண்டும். மிச்சம் இருந்த 46 ரூபாய் 50 காசுக்கு விவசாயி, வியாபாரி, தொழிலதிபர், வீடு கட்டுகிறவர் எல்லோரும் க்யூவில் நிற்க வேண்டும். அந்த 38.50-ஐ 1997 அக்டோபருக்குள் 25-ஆக இறக்கினார்கள். 1993 ஜனவரியில் புதிய தனியார் வங்கிகளுக்கு வாசல் திறந்தது. அதே வருஷம் மார்ச்சில் ரூபாயின் மதிப்பைச் சந்தையிடம் விட்டார்கள். அந்தரத்தில் விட்டால் அதலபாதாளம் போகும் என்று பயந்தவர்கள் ஏமாந்தார்கள். டாலருக்கு 31 ரூபாய் 37 காசு என்று இரண்டு வருஷத்துக்கு மேல் அது சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

இதெல்லாம் பரிவாரம். மூலவர் அந்த நோட்டுதான்.

1994 பட்ஜெட்டில் மன்மோகன் சிங், மூன்று வருஷத்தில் அட்ஹாக் பில்லை ஒழிப்போம் என்றார். செப்டம்பரில் சர்க்காருக்கும் ரிசர்வ் வங்கிக்கும் ஒப்பந்தம். வருஷக் கடைசியில் இந்தக் கடன் 6,000 கோடியைத் தாண்டி ஏறக்கூடாது. நடுவில் 9,000 கோடியைத் தாண்டினால் தொடர்ந்து பத்து வேலைநாளுக்கு மேல் நீடிக்கக் கூடாது. குடிகாரரிடம் ‘நாளையிலிருந்து நிறுத்து’ என்று யாரும் சொல்வதில்லை. முதலில் அளவு, பிறகு நேரம், பிறகுதான் கதவு. லெட்ஜர் இயந்திரத்துக்குப் பெயர் வைத்த அதே சாமர்த்தியம்.

இதற்குள் ஆட்சி மாறியது. ராவ் போனார், தேவ கௌடா வந்தார். மன்மோகன் சிங் இடத்தில் ப. சிதம்பரம். புது அமைச்சர் பழைய அமைச்சரின் கையெழுத்தை மதிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் சிவகங்கைக்காரரும் அரியலூர்க்காரரின் வழிக்கே வந்தார். 1997 மார்ச்சில் இரண்டாவது ஒப்பந்தம். அதுவரை சேர்ந்திருந்த அட்ஹாக் பாக்கி முழுவதையும் 4.6 சதவீத வட்டியிலேயே சிறப்புப் பத்திரங்களாக மாற்றினார்கள். நாகரிகமாகச் சொன்னால் மறுசீரமைப்பு. ஜங்லிகாட் பாஷையில் சொன்னால், ‘பழைய பாக்கி எப்போது வருமோ வரட்டும், இனிமேல் கேட்காதே’.

1997 ஏப்ரல் 1 முதல் அட்ஹாக் பில் இல்லை. கைமாற்று வேண்டுமானால் உண்டு. அதற்கு உச்ச வரம்பு உண்டு, கெடு உண்டு, சந்தை நிலவரத்தை ஒட்டி வட்டியும் உண்டு. அதற்கு மேல் பணம் வேண்டுமானால் எல்லோரையும் போலச் சந்தைக்குப் போய்க் கடன் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். 1955-ல் போட்ட கடிதத்துக்கு 42 வருஷம் கழித்துப் பதில் போனது. நம் தபால்துறையை இனி யாரும் குறை சொல்லக் கூடாது.

ராமராவ் முறைத்துக்கொண்டு வெளியே போனார். ரங்கராஜன் சிரித்துக்கொண்டு உள்ளேயே இருந்தார். இருவருக்கும் வித்தியாசம் அவ்வளவுதான்.

ராஜ்பவன், அப்புறம் 47 ரூபாய்

1997 நவம்பரில் ஒரு கவர்னர் வேலை முடிந்தது. சில நாளிலேயே இன்னொரு கவர்னர் வேலை. ஆந்திரப் பிரதேச ராஜ்பவன். விசிட்டிங் கார்டில் முகவரியை மட்டும் மாற்றினால் போதும். நடுவில் ஒரிசாவையும் கூடுதலாகப் பார்த்துக்கொண்டார். 2001 ஜூலையில் அங்கே ஆளுநராக இருந்த பாத்திமா பீவி ராஜினாமா செய்ததும் தமிழ்நாடும் அவர் தலையில் விழுந்தது. செப்டம்பர் 21-ல் ஜெயலலிதாவின் நியமனம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல, அன்றைக்கே ஓ. பன்னீர்செல்வத்துக்கு முதல் தடவையாக முதல்வர் பதவிப் பிரமாணம் செய்துவைத்தவர் ரங்கராஜன்தான். தற்காலிக ஏற்பாடு என்று தொடங்கியது திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்படுவதை ரிசர்வ் வங்கியில் 91 நாள் பில்லில் பார்த்துப் பழகியவர். அரசியலிலும் அதன் தொடக்கம் அவர் கையாலேயே நடந்தது.

2002-ல் பத்ம விபூஷண், பிறகு பன்னிரண்டாவது நிதிக்குழுவின் தலைமை, பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழுவின் தலைமை, இடையில் ஒரு வருஷம் ராஜ்யசபை. ஓய்வு என்ற சொல்லுக்கு அவர் அகராதியில் அட்ஹாக் பில் கதிதான்.

கடைசியில் ஒரு சறுக்கல். வறுமைக்கோட்டை எங்கே போடுவது என்று ஒரு குழு. 2014-ல் அறிக்கை கொடுத்தார். கிராமத்தில் நாளுக்கு 32 ரூபாய், நகரத்தில் 47 ரூபாய் செலவு செய்ய முடிந்தவர் ஏழை இல்லை. நாடே திரண்டு வந்து திட்டியது. வேடிக்கை என்னவென்றால், அதற்கு முந்தைய டெண்டுல்கர் குழுவின் கணக்கான 27, 33 ரூபாயைவிட இது தாராளம். அதுவும் 2011-12 விலைவாசியில், தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு. நகரத்தில் ஐந்து பேர் குடும்பத்துக்கு மாதம் 7,035 ரூபாய் வரும். அப்படிச் சொல்லியிருந்தால் பாதித் திட்டு குறைந்திருக்கும். வாத்தியார் வகுத்துக் காட்டினார், மாட்டிக்கொண்டார்.

47 ரூபாயை எடுத்துக்கொண்டு ஜங்லிகாட் சந்தைக்குப் போய், “அக்கா, இதுக்கு சுர்மை குடுங்க” என்று கேட்டுப் பாருங்கள். “ஐஸ் வேணா அள்ளிக்க தம்பி, மீன் இல்ல” என்பதுதான் பதிலாக இருக்கும். விலைவாசியைக் கட்டுப்படுத்துவதையே தொழிலாகக் கொண்டிருந்த மனிதரின் கணக்கை ஒரு துண்டு மீன் கவிழ்த்துவிடும்.

ஆக மொத்தம்

அவர் நோட்டை மூடியதால் சர்க்கார் கடன் வாங்குவதை விட்டுவிட்டதா? நல்ல கேள்வி, விடவில்லை. வாங்கும் இடம் மாறியது. இப்போது வட்டி சுடுகிறது, ஊருக்குத் தெரிகிறது, பட்ஜெட் அன்றைக்குப் பத்திரிகைக்காரன் கேட்கிறான். இரவோடு இரவாக நோட்டடித்து வெள்ளிக்கிழமைக்குச் சட்டைப்பையை நிரப்பும் வேலை நின்றது. விலைவாசியைப் பிடிக்க அவர் வட்டியை இறுக்கியதில் 1990-களின் நடுவில் தொழில்கள் மூச்சுத் திணறின என்று திட்டியவர்களும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. அடகுக்குப் போன தங்கத்துக்கான கடன் அந்த வருஷத்துக்குள்ளேயே அடைந்தது. 2009-ல் ரிசர்வ் வங்கி சர்வதேச நிதியத்திடமிருந்து 200 டன் தங்கத்தை ரொக்கம் கொடுத்து வாங்கியது. 2024-ல் இங்கிலாந்துப் பெட்டகத்திலிருந்து சுமார் 100 டன்னை ஊருக்கு எடுத்து வந்தபோது எந்த டயரும் வெடித்ததாகத் தகவல் இல்லை.

ஆளுநர்களின் பெருமையை ரூபாய் நோட்டில் இருக்கும் கையெழுத்தை வைத்து அளக்கிறோம். அது தவறான அளவுகோல். கையெழுத்து அநேகமாக எல்லா ஆளுநருக்கும் கிடைக்கும். எத்தனை தடவை கையெழுத்துப் போட மறுத்தார் என்பதுதான் மத்திய வங்கிக்காரருக்குச் சரியான மார்க். அந்தக் கணக்கில் அரியலூர் வாத்தியார் முதல் வகுப்பில் தேறுகிறார்.

அடுத்து வருகிறவர்கள் தாட்சண்யம் பார்த்துவிடக் கூடாதே என்று 2003-ல் நிதிப் பொறுப்புச் சட்டம் வந்தது. சர்க்கார் வெளியிடும் கடன் பத்திரத்தை ரிசர்வ் வங்கி நேரடியாக வாங்கக் கூடாது என்று அது சொல்கிறது. கடையில் பலகை மாட்டியதோடு நில்லாமல் ஷட்டருக்கும் பூட்டுப் போட்டாயிற்று. விதிவிலக்கு என்ற சாவி சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது, அது வேறு விஷயம். தடை அமலுக்கு வந்த தேதி 2006 ஏப்ரல் 1.